ஆன்சன் தள்ளிவிட்ட அசைவுகள்

செவ்வாய்க்கிழமை காலை ஆன்சன் டீயோடு வந்து உட்காருவதற்கு முன்பே அந்தப் புகார் அவன் திரையில் வந்து காத்திருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் எட்டுப் பேர் வேலை செய்யும் சின்ன கம்பெனி அது. டியூஷன் சென்டர்களில் பாடம் நடத்துவதற்கான ஆப் ஒன்றைச் செய்து கொடுத்திருந்தார்கள். வருகிற புகார்களெல்லாம் ஒரே ரகம்தான்: திறக்கவில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது, பாஸ்வேர்டு மறந்துவிட்டது. இது அந்த ரகத்தில் சேரவில்லை.

"என் டேப்போடு ஒரு பேனா வந்தது. அதன் பட்டனை அழுத்தினால் பத்தடி தள்ளியிருக்கும் கேமரா போட்டோ எடுக்கிறது. கேமராவுக்குக் காது கேட்கிறது, உங்கள் ஆப்புக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை? நான் கரையான்சாவடியில் பிளஸ் டூ கணக்கு டீச்சர். என்னால் கையைத் தூக்கித் திரையைத் தொட முடியாது. இந்த வாரத்துக்குள் ஏதாவது செய்யுங்கள். அடுத்த வாரம் செய்தால் எனக்குப் பிரயோஜனம் இல்லை. கிருஷ்ணப்பிரியா."

ஆன்சன் உடனே போன் போட்டான். எதிர்முனையில் குரல் கணீரென்று வந்தது.

"புகாரைப் படிச்சது மனுசனா, மெஷினா?"

"மனுசன்தான் மேடம்."

"அப்ப நல்லது. கேளுங்க."

அவர் ஐந்தே நிமிடத்தில், பாடம் நடத்துகிற மாதிரியே, எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். நான்கு வருடமாகத் தசைகள் தளர்ந்துகொண்டே போகும் நோய். முதலில் போர்டின் மேல்வரிசை எட்டவில்லை, அப்புறம் நடுவரிசை. இப்போது சக்கர நாற்காலி. கை முழங்கைக்கு மேல் எழும்பாது, விரல்களும் மணிக்கட்டும் மட்டும் கொஞ்சம் அசையும். டேப்பைப் பெரிய டிவியில் இணைத்துப் பாடம் நடக்கிறது. பக்கத்தைத் தள்ளுவதற்கு சென்டர் உரிமையாளர் ஜானகிராமனே அருகில் உட்காருகிறார்.

"அவருக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம் சார். தொகையீடுன்னு சொன்னா முன்னுரைக்குப் போயிடறாரு. இங்க வட்டம் போடுங்கன்னு சொன்னா பக்கத்துக் கணக்குக்கு வட்டம் போடறாரு. பசங்க சிரிக்கறாங்க. இப்ப இன்னா சொல்றாருன்னா, திங்கக்கெழமைலருந்து வேற ஒரு சார் வருவாராம், நான் ஊட்ல உக்காந்து கேள்வித்தாள் போட்டுக் குடுத்தா போதுமாம். பதினாலு வருசமா கிளாஸ் எடுத்துகினு கீறேன். என்னால இன்னும் எடுக்க முடியும். பேனா கையில இருக்கு, உங்க ஆப்தான் செவிடா கீது. முடியுமா, முடியாதா?"

"பாக்கறேன் மேடம்" என்றான் ஆன்சன். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு 'மாட்டேன்' என்றுதான் அர்த்தம். ஆனால் ஆன்சன் பார்க்கிறேன் என்றால் பார்க்கிற ஜாதி.

அவனைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. ஆவடியில் பிறந்தவன், டிப்ளமோ மெக்கானிக்கல். பாடியில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடம் இரும்பு உருளைகளைக் கடையும் கம்ப்யூட்டர் லேத் ஓட்டினான். அங்கே அவன் கையிலிருந்து போன உருளைகள் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. முடியில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் அவனே எடுத்துத் தனியாக வைத்துவிடுவான். அந்த வேலைப்பிரிவை வேறு மாநிலத்துக்கு மாற்றியபோது அவனுக்கு முப்பத்து மூன்று வயது. ஆந்திரா பக்கம் போக மனமில்லை. ஒரு சின்ன பட்டறையில் வேலைக்குப் போய்க்கொண்டே, வேப்பம்பட்டிலிருந்து அம்பத்தூர் வரைக்குமான மின்சார ரயிலில் நின்றபடியே வீடியோ பார்த்துப் பார்த்து ஆப் எழுதக் கற்றுக்கொண்டான். இப்போது வயது நாற்பத்திரண்டு. ஆபீசில் மற்றவர்களுக்கெல்லாம் இருபத்தைந்துக்குப் பக்கத்தில் இருக்கும். அவர்களுக்கு இவன் 'லேத் அண்ணா'. மேசைமேல், முடியின் கனத்தைக்கூட அளக்கும் பழைய மைக்ரோமீட்டர் ஒன்றை வைத்திருப்பான். எதற்கு என்று கேட்டால், பேப்பர் பறக்காமல் இருக்க என்பான்.

டீம் லீடர் ரேஷ்மா அவனைவிட பதிமூன்று வயது சின்னவள். புகாரைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தாள்.

"அண்ணா, நம்ம ஆப்ப ஒரே தடவ எழுதி ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் சேத்துக் குடுக்கறோம். இந்தப் பேனா ஒரே ஒரு கம்பெனி டேப்ல மட்டும்தான் பேசும். ஒரு ஆளுக்காகவா?"

அவள் சொன்னதில் தப்பில்லை. பேனாவுக்குள் பேட்டரியும் ப்ளூடூத்தும் அசைவை உணரும் ஒரு கடுகளவு சில்லும் இருக்கின்றன. பட்டன் அழுத்தினேன், விட்டேன், இப்படித் திரும்பினேன் என்று அது ஓயாமல் சொல்லிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் சொல்வதை அந்த டேப்பின் சொந்த மொழியில்தான் சொல்லும். இவர்கள் ஆப்பை எழுதியிருப்பதோ எல்லாக் கருவிக்கும் பொதுவான வேறொரு மொழியில். இரண்டுக்கும் நடுவில் ஒரு பாலம் கட்ட வேண்டும். கட்டின பிறகு, பேனாவே இல்லாத ஐபோனில் அந்தப் பாலம் வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கே ஆப் திறந்ததும் செத்துப்போகும்.

"ஒரு ஆளுக்குத்தான்" என்றான் ஆன்சன். "ஆனா அந்த ஆளு கேட்டது நியாயமா கீதே."

ரேஷ்மா இரண்டு விரலைக் காட்டினாள். "ரெண்டு நாள். ஐபோன்ல ஆப் படுத்துச்சுன்னா நீங்கதான் எழுப்பணும்."

புதன்கிழமை மத்தியானம் பாலம் கட்டி முடிந்தது. ஆபீசில் இருந்த அதே ரக டேப்பை மேசையின் ஒரு மூலையில் நிறுத்திவிட்டு, பேனாவோடு வாசலோரம் தண்ணீர் கேன் வைத்திருக்கும் இடத்துக்குப் போய் நின்று ஆன்சன் பட்டனை அழுத்தினான். அந்தக் கோடியில் பக்கம் திரும்பியது. மறுபடி அழுத்தினான். மறுபடி திரும்பியது. வாழ்க்கை முழுக்க அவன் பார்த்ததெல்லாம் பெல்ட்டும் பல்சக்கரமும் செயினும்தான். ஒன்று நகர வேண்டுமானால் இன்னொன்று அதைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இங்கே நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. அவனுக்குக் கையில் மயிர் சிலிர்த்தது.

"குடுங்கண்ணா" என்று ரேஷ்மா பேனாவைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போனாள். கதவைச் சாத்திக்கொண்டு மாடிப்படியில் நின்று அழுத்தினாள். உள்ளே பக்கம் திரும்பியது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்த ஐந்து பேரும் அப்படியே எழுந்து வந்து டேப்பைச் சுற்றி நின்றார்கள். இவர்களே எழுதிய ஆப்தான், ஆனாலும் எவன் எழுதியது என்று கேட்கிற மாதிரி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

பக்கம் திருப்புவது சுலபமான பாதி. எழுதுவதுதான் கஷ்டம். பேனா தான் எங்கே இருக்கிறேன் என்று ஒருபோதும் சொல்லாது. போன நொடிக்கு இந்த நொடி இவ்வளவு வலது பக்கம், இவ்வளவு மேலே என்று மட்டும்தான் சொல்லும். அந்தத் துளிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் கோடு கிடைக்கும். பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் வரை எழுத்து. விட்டால் பேனா தாளிலிருந்து எழுந்தது என்று கணக்கு. ஆன்சன் காற்றில் வட்டம் போட்டான், திரையில் வட்டம் வந்தது. ஆனால் கோடு ஓரமெல்லாம் நடுங்கியது. லேத்தில் கருவி அதிர்ந்தால் உருளையில் இப்படித்தான் வரிவரியாக விழும். அதிர்வு என்றால் அவனுக்கு ஆகாது. உடனே ஒரு சல்லடை எழுதினான்: இன்ன அளவுக்குக் கீழே வருகிற அசைவெல்லாம் அதிர்வு, தள்ளிவிடு. கோடு வழவழவென்று வந்தது. அந்த அளவை முடிவு செய்வதற்காகத் தன் கையை நாற்பது தடவை ஆட்டி ஆட்டிப் பார்த்தான். எல்லாரிடமும் அந்தக் கோட்டைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டான்.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கரையான்சாவடிக்குப் போனான். மெயின் ரோட்டில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்குப் பின்னால் தரைத்தளத்தில் நீளமான ஹால். பசங்க பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த நேரம், பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. கிருஷ்ணப்பிரியா டிவிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்தார். ஒல்லியான முகம், பெரிய கண்கள், மடியில் பேனா பிடித்த வலது கை. அருகில் வெள்ளை வேட்டியில் ஜானகிராமன்.

"இன்னா சார், மெய்யாலுமே வேலை செய்யுமா?" என்றார் ஜானகிராமன். "நானும் மனுசன்தானே? மூணு மாசமா பக்கத்துல குந்திகினு கீறேன். ராத்திரி கனவுலகூட பக்கம் தள்ளிகினு கீறேன் சார்."

ஆன்சன் டேப்பில் புது ஆப்பை ஏற்றினான். கிருஷ்ணப்பிரியா கட்டைவிரலால் பட்டனை அழுத்தினார். டிவியில் பக்கம் திரும்பியது. அவர் மூச்சுவிடாமல் அதையே பார்த்தார். முன்னே ஒரு பக்கம், இரண்டு தடவை அழுத்திப் பின்னே ஒரு பக்கம், மறுபடி முன்னே. மூன்று மாதத்தில் முதல்முறையாக யாரிடமும் கேட்காமல் ஒரு பக்கத்தைத் திருப்பியிருக்கிறார். கண் கலங்கியது, ஆனால் குரல் கலங்கவில்லை. "இது சரி. எழுதறது?"

"பட்டனைப் பிடிச்சிகினே ஒரு வட்டம் போடுங்க மேடம்."

அவர் போட்டார். டிவியில் ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை. இல்லை. ஆன்சன் அவர் கையைப் பார்த்தான். அசைகிறதா இல்லையா என்றே அவனுக்குத் தெரியவில்லை. பதினான்கு தடவை போட்டார். திரை வெள்ளையாகவே கிடந்தது. ஜானகிராமன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஊட்லயே குந்திகினு செய்யலாம் மிஸ், கேள்வித்தாள் வேலையும் கௌரவமான வேலைதான்" என்றார்.

"சார்" என்றார் கிருஷ்ணப்பிரியா, ஆன்சனைப் பார்த்து. "நான் வரைஞ்சிகினுதான் கீறேன். உங்க ஆப் என்னை ஒரு ஆளாவே மதிக்க மாட்டேங்குது."

ஆன்சனுக்கு முகம் சுண்டிப்போனது. சமாளிப்பதற்கு என்னவெல்லாமோ சொல்லலாம். அவனுக்கு அந்த வித்தை வராது. "எங்க தப்புன்னு தெரியல மேடம். நீங்க விடாம வரைஞ்சிகினே இருங்க. டிவியில வராததையும் டேப் ஒரு பக்கம் எழுதி வச்சிகினே இருக்கும். நான் அதை எடுத்துகினு போய்ப் பாக்கறேன்."

"யாருக்கும் தெரியாததையா வரையச் சொல்றீங்க?"

"ஆமா மேடம்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு இருபது நிமிடம், வெள்ளைத் திரைக்கு முன்னால், காலிப் பெஞ்சுகளைப் பார்த்தபடி, பேசாமல் மடியில் எதையோ வரைந்துகொண்டே இருந்தார். கேபிளைப் போட்டு அந்தப் பதிவைத் தன் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு ஆன்சன் பஸ் ஏறினான். வழியெல்லாம், இந்தம்மாவுக்கு ஆசை காட்டி மோசம் பண்ணிவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டு போனான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கே ஆபீசில் இருந்தான். பதிவைத் திறந்தான். ஆறாயிரத்துச் சொச்சம் வரிகள். ஒவ்வொரு வரியிலும் இரண்டு எண்கள், அவற்றுக்குப் பக்கத்தில் சல்லடை குத்திய முத்திரை: தள்ளப்பட்டது. தள்ளப்பட்டது. தள்ளப்பட்டது. கடைசி வரை உருட்டிப் பார்த்தான், ஒரு வரிகூடத் தப்பவில்லை. பேனா ஒழுங்காகத்தான் பேசியிருக்கிறது. பாலம் ஒழுங்காகத்தான் கடத்தியிருக்கிறது. இவன் சல்லடைதான் அந்தம்மாவின் கையை அதிர்வு என்று குப்பையில் போட்டிருக்கிறது. முடியில் பத்தில் ஒரு பங்குக்காகப் பதினோரு வருடம் மல்லுக்கட்டியவன், தன் கையை அளந்துவிட்டு உலகத்தில் எல்லாக் கைக்கும் அதுவே அளவு என்று எழுதியிருக்கிறான். தலையில் அடித்துக்கொண்டான்.

தள்ளிவிட்ட வரிகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் நாற்பது மடங்கு பெருக்கி, கூட்டி வரையும்படி பத்து வரி எழுதி ஓட்டினான்.

திரையில் முதலில் வட்டங்கள் வந்தன, பதினான்கு. அதற்குப் பிறகு ஒரு படுக்கைக்கோடு, அதை வெட்டி ஒரு செங்குத்துக்கோடு. பிறகு வலது பக்கம் வாய் திறந்த ஒரு பரவளையம், உச்சியிலிருந்து மேலே போகும் கையும் கீழே போகும் கையும் ஒன்றுபோலவே விரிந்தன. உள்ளே குவியத்துக்கு ஒரு புள்ளி. இடது பக்கம் இயக்குவரை, பாடப்புத்தகத்தில் போட்டிருப்பது மாதிரியே விட்டு விட்டுப் போட்ட கோடு, ஏழு துண்டுகள். ஆன்சனின் பழைய புத்தி சும்மா இருக்கவில்லை. ஏழு துண்டுகளையும் அளந்து பார்த்தான். நெட்டைக்கும் குட்டைக்கும் நடுவில் வித்தியாசம் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. பாடி தொழிற்சாலையில் இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருப்பான்.

நாற்பதால் வகுத்துப் பார்த்தால், அந்தப் படம் முழுவதையும் வரைவதற்கு அவர் பேனா முனை போய்வந்த இடம் மொத்தமும் ஒரு நெல்மணியின் நீளம்தான். அந்த நெல்மணிக்குள் இரண்டு அச்சும் ஒரு பரவளையமும் ஏழு துண்டுக் கோடும் இருந்தன. ஆன்சன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டான். சர்ச்சில் நற்கருணை நேரத்தில் நிற்பானே, அப்படி நின்றான். நேற்று இதெல்லாம் அவன் கண்ணெதிரேதான் நடந்தது. ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தான். கை அசையவில்லை என்று நினைத்தான்.

ரேஷ்மா ஒன்பது மணிக்கு வந்தபோதும் அவன் நின்றுகொண்டுதான் இருந்தான். அவள் திரையைப் பார்த்தாள். "யாருண்ணா வரைஞ்சது?" என்றாள். சொன்னான். அவள் தோளிலிருந்த பையை இறக்கக்கூட இல்லை. "அடியில இன்னும் ஏதோ வருது, உருட்டுங்க" என்றாள்.

உருட்டினான். படத்துக்குக் கீழே, கடைசி வரியில், கோணாத தமிழ் எழுத்தில் ஒரு சொல் இருந்தது: தெரியுதா?

ஆன்சன் கர்ச்சீப்பைத் தேடினான். ரேஷ்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, "ரெண்டு நாள்னு யாருண்ணா சொன்னது? இன்னிக்கு முழுக்க உங்களுக்கு. ஐபோன் பக்கத்தை நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அன்று முழுக்க அவன் எழுந்திருக்கவே இல்லை. பட்டறையில் முதல்நாள் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தான்: முதலில் துண்டை அள, பிறகு மெஷினை வை. இனிமேல் யார் பேனாவைப் பிடித்தாலும், பத்து எண்ணும் வரை கையைச் சும்மா வைத்திருங்கள் என்று ஆப் கேட்கும். அந்தக் கையின் நடுக்கம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளும். பிறகு, உங்களால் முடிந்த பெரிய வட்டத்தைப் போடுங்கள் என்று கேட்கும். அந்த வட்டம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதுதான் அந்தக் கைக்கு முழுத் திரை. சாயங்காலம் ரேஷ்மா மூன்று ஐபோன்களில் ஆப்பைத் திறந்து காட்டினாள். மூன்றும் பேனாவைப் பற்றி மூச்சுவிடாமல் ஒழுங்காக ஓடின.

சனிக்கிழமை காலை பத்து மணி. ஹாலில் முப்பத்திரண்டு பிள்ளைகள், காலில் செருப்புச் சத்தமும் வாயில் பேச்சுமாக. டேப்பில் புது ஆப்பை ஏற்றிவிட்டு ஆன்சன் கடைசி பெஞ்சின் ஓரத்தில், தன் வயதில் பாதிகூட ஆகாதவர்களுக்கு நடுவில் முட்டியை மடக்கி உட்கார்ந்தான். ஜானகிராமன் எதற்கும் இருக்கட்டும் என்று டேப்புக்குப் பக்கத்தில் தன் வழக்கமான இடத்தில் இருந்தார். கிருஷ்ணப்பிரியா பத்து எண்ணினார், வட்டம் போட்டார். கிளாஸ் ஆரம்பித்தது.

முதல் பக்கம் திரும்பியது. இரண்டாவது பக்கம் திரும்பும் நேரம் ஜானகிராமனின் விரல் பழக்கதோஷத்தில் டேப்பை நோக்கி நீண்டது.

"சார், கையை எடுங்க" என்றார் கிருஷ்ணப்பிரியா. கிளாஸ் சிரித்தது. ஜானகிராமன் கையை எடுத்து வேட்டிக்கு மேல் வைத்துக்கொண்டார்.

"எழுதிக்கோங்க. ஒரு புள்ளியிலருந்தும் ஒரு கோட்டுலருந்தும் சம தூரத்துல போற பாதை." சொல்லிக்கொண்டே பட்டனை அழுத்திப் பிடித்தார். டிவியில் நீலக் கோடு ஒன்று கிளம்பியது. கிளம்பிய இடத்திலேயே நின்றது. ஒரு வினாடி. இரண்டு. பிறகு அந்தக் கோடு, யோசித்து முடித்துவிட்டு நடக்கிற ஆள் மாதிரி, அவசரமில்லாமல் வளைந்தது. மேல் கை, உச்சி, கீழ்க் கை. புள்ளி. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு துண்டுக் கோடு. சுவர் அகலத்துக்கு ஒரு பரவளையம் நின்றது.

சக்கர நாற்காலியில் அவர் கை மடியில் கிடந்தது. அது அசைவதைப் பார்க்க ஆன்சன் எவ்வளவோ முயன்றான். இப்போதும் பார்க்க முடியவில்லை. பிள்ளைகள் யாரும் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. முப்பத்திரண்டு தலையும் நோட்டுக்குள் குனிந்திருந்தன. "மிஸ், குவியம் ஏ கமா ஜீரோவா, மைனஸ் ஏ கமா ஜீரோவா?" என்று ஒரு பெண் தலை நிமிராமலே கேட்டாள். "வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கு, அதைப் பாத்துட்டு நீயே சொல்லு" என்றார் மிஸ்.

ஜானகிராமன் மெல்ல எழுந்தார். சத்தமில்லாமல் பெஞ்சுகளின் ஓரமாகவே நடந்து ஆன்சனிடம் வந்து குனிந்தார். "திங்கக்கெழம வரச் சொன்ன வாத்தியாருக்கு ஒரு போன் போட்டு வந்துர்றேன் சார். வர வேணாம்னு சொல்லிடணும்" என்று காதில் சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஆன்சன் தலையாட்டினான்.

கிருஷ்ணப்பிரியா படத்தை முடித்துவிட்டு, பதினாலு வருடமாகக் கேட்கிற மாதிரியே ஹாலின் பின்பக்கம் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"கடைசி பெஞ்ச், தெரியுதா?"

"தெரியுது மிஸ்!" என்றான் ஆன்சன், எல்லாருக்கும் முன்னால், எல்லாரையும்விடச் சத்தமாக. முன்வரிசையில் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.